டோன்ட் மிஸ்டேக் மீ

திருத்துகிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது. எந்தப் பூச்சி மருந்துக்கும் சாகாத இனம். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்க்காமல் முகவரியில் எந்த எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பார். ஹோட்டலில் போய் உட்கார்ந்தால் மெனு அட்டையிலுள்ள தப்பைச் சர்வரைக் கூப்பிட்டுக் காட்டுவார். "சொல்றேன் சார்" என்று சர்வர் உள்ளே போனால் அப்புறம் அந்த மேஜைப் பக்கமே வரமாட்டார். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டால்கூட, அபாய மணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் ஓர் எழுத்து குறைகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் மணியை அழுத்துவார். ஆள் கெட்டவரா என்றால், அதுதான் இல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இவர் நம் நன்மைக்காகவே வாழ்கிறவர். இவரை என்ன செய்வது?

முன்பெல்லாம் இவருடைய ஆட்சி ஒரு வீடு, ஓர் அலுவலகம், அதிகம் போனால் ஒரு தெரு என்று ஓர் எல்லைக்குள் இருந்தது. பிறகு இணையம் வந்தது. அதோடு விட்டதா? ஆங்கிலம் கற்றுக்கொள்கிறவர்கள் தட்டுத் தடுமாறி எழுதிப் பழகுவதற்கென்றே இணையத்தில் விவாத மேடைகளைக் கட்டிவைத்தார்கள். ஒவ்வொரு வரியிலும் பிழை, ஒவ்வொரு பிழைக்கும் கீழே பதில் எழுத ஒரு பெட்டி. கரும்புத் தோட்டத்து வேலியைப் பிரித்து யானைக்கு வழிவிட்ட கதைதான்.

நம் கதாநாயகரும் அப்படித்தான் உள்ளே வந்தார். சரக்குக் கிடங்கு ஒன்றில், லாரிகள் எடை போடும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா அவர். ஜன்னல் வழியாகக் காற்று வரும் என்று பெயர். வருவது தூசியும் டீசல் புகையும்தான். வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் பேசுவதற்கென்று கம்பெனி புதிதாக ஒரு பிரிவு தொடங்கப்போவதாகவும், அதற்குக் கண்ணாடி அறை, குளிர்சாதனம், சுழலும் நாற்காலி எல்லாம் உண்டென்றும் செய்தி வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மேனேஜர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "சாயங்கால வகுப்புல சேந்து இங்கிலீஷ் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. நாற்காலி உங்களுக்குத்தான்."

வகுப்பு ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில். வாரத்தில் இரண்டு நாள் நேரில் படிப்பு. மற்ற நாட்களில் வீட்டிலிருந்தபடி டீச்சர் திறந்துவைத்திருக்கும் இணையப் பக்கத்தில் எழுத வேண்டும். டீச்சர் அதை ஃபோரம் என்பார்.

"தலைப்பு நான் தருவேன். மனசுல பட்டத எழுதுங்க. மத்தவங்க எழுதினதுக்குப் பதில் போடுங்க. தப்பு வந்தா வரட்டும், அத நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. முடியறதுக்குள்ள ஒவ்வொருத்தரும் சொந்தமா ஒரு பேச்ச ஆரம்பிக்கணும். அஞ்சு பேராவது அதப் பத்தி உங்களோட பேசணும். அப்பதான் பாஸ்."

எல்லோரும் தலையாட்டினார்கள். 'தப்பு' என்ற சொல் காதில் விழுந்த உடனேயே நம்மவருக்குக் காது அடைத்துவிட்டது. 'நான் பாத்துக்கறேன்' என்று டீச்சர் சொன்னது வந்து சேரவே இல்லை.

முதல் வாரத் தலைப்பு, 'என் வேலை'. டாக்ஸி ஓட்டுகிற ஒருவர், சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் கட்டைவிரலாலேயே எழுதியிருந்தார். நேற்று விமான நிலையத்துக்கு ஒரு பயணியைக் கொண்டுபோனாராம். அந்த மனிதர் வழி முழுக்க அழுதுகொண்டே வந்தாராம். இவர் ரேடியோ போடவில்லையாம். அவ்வளவுதான், மூன்றே வரி. படித்த எல்லோருக்கும் வாயில் ஒரே கேள்விதான் வந்து நின்றது: ஐயோ, ஏன் அழுதார்?

கேட்பதற்குள் நம்மவர் வந்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அகராதியை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, சிவப்பு எழுத்தைத் தேர்ந்தெடுத்து எழுதினார்: "டோன்ட் மிஸ்டேக் மீ. டிரைவ்ட் என்று ஒரு சொல் கிடையாது. டிரோவ்."

"தேங்க்யூ சார். டிரோவ்" என்று டிரைவர் பதில் போட்டார்.

அதற்குமேல் யார் என்ன கேட்பது? அந்தப் பயணி ஏன் அழுதார் என்பது இன்று வரை ஒருவருக்கும் தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'டோன்ட் மிஸ்டேக் மீ' என்பதே ஆங்கிலம் இல்லை. 'தப்பா நினைச்சுக்காதீங்க' என்று நாம் சொல்வதை அப்படியே தூக்கி அந்தப் பக்கம் வைத்தது அது. இங்கிலீஷ்காரன் கேட்டால், யாரோ ஒருவர் 'என்னை வேறு ஆள் என்று நினைத்துவிடாதே' என்று சொல்கிறார் போலிருக்கிறது என்று குழம்புவான். டீச்சர் முதல் நாளே பார்த்துவிட்டார். பத்துப் பேர் எதிரில் ஒருவரைத் திருத்துவது அவர் வழக்கமில்லை, தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அதற்குள் அது வகுப்பு முழுவதும் ஜலதோஷம் மாதிரி பரவிவிட்டது. சார் எழுதுகிறார், சரியாகத்தானே இருக்கும்? வகுப்பில் கூடப் படித்த பேக்கரிக்காரர்கூட, "டோன்ட் மிஸ்டேக் மீ, இன்று ரொட்டி கொஞ்சம் கருகிவிட்டது" என்று எழுத ஆரம்பித்தார்.

நம்மவருக்குக் 'கமா' என்று பெயர் வைத்தவரும் அந்தப் பேக்கரிக்காரர்தான். தன் கடையை எப்படி ஆரம்பித்தேன், முதல் அடுப்பு எப்படி வெடித்தது, எப்படித் தப்பினேன் என்றெல்லாம் அவர் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்க, நம்மவர் போட்ட பதில் இது: "அடுப்பு என்பதற்குப் பிறகு ஒரு கமா." வேறு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து, அவர் இல்லாத இடத்தில் அவர் கமா. இருக்கிற இடத்தில் சார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்த மாதிரி வந்தது, 'மறக்க முடியாத நாள்' என்ற தலைப்பு. வகுப்பில் ஒரு நர்ஸ் உண்டு. அதிகம் பேசமாட்டார். அவர் முதல் தடவையாக நீளமாக எழுதியிருந்தார். தன்னுடைய அம்மா தான் வேலை பார்க்கும் வார்டிலேயே இருந்ததையும், டியூட்டி நேரம் என்பதால் மகளாக ஒரு நிமிஷம்கூட அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார முடியாமல் போனதையும் எழுதி, கடைசி வரியில் அம்மா எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்று முடித்திருந்தார். நம் பக்கமெல்லாம் ஆஸ்பத்திரியில் அப்படித்தானே சொல்வார்கள்?

கமா எழுதினார்: "டோன்ட் மிஸ்டேக் மீ. எக்ஸ்பயர் ஆவது பாலும் மாத்திரையும். அம்மா அல்ல. டைடு, அதாவது இறந்தார், என்று எழுதவும்."

எழுதிவிட்டுத் திருப்தியோடு நாற்காலியில் சாய்ந்தார். அடடா, எவ்வளவு சுருக்கமாக, உதாரணத்தோடு சொல்லிவிட்டோம் என்று அவருக்கே பெருமையாக இருந்தது. நர்ஸ் அந்தச் சொல்லை மட்டும் மாற்றிவிட்டுப் போனார். அப்புறம் அவர் எழுதவில்லை.

மற்றவர்களும் உஷாரானார்கள். பிழை எங்கே நுழையும்? பெரிய வாக்கியத்தில். ஆகவே வாக்கியத்தைச் சின்னதாக்கினார்கள். 'எனக்கு டீ பிடிக்கும்' என்று ஒருவர். 'எனக்கும் டீ பிடிக்கும்' என்று இன்னொருவர். 'டீ நல்லது' என்று மூன்றாமவர். வேலை போன கதை, காதலித்த கதை, அடுப்பு வெடித்த கதை எல்லாம் போய் அந்தப் பக்கம் முழுக்க டீ ஓடியது. கமா தினமும் வந்து தேடுவார். ஒரு தப்பும் கிடைக்காது. தன்னால் வகுப்பின் தரம் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் டீச்சர் அவரை நிறுத்தினார்.

"சார், நீங்க இன்னும் ஒண்ணும் ஆரம்பிக்கலையே?"

"தினமும் எழுதறேனே மேடம்."

"மத்தவங்க எழுதினதுல எழுதறீங்க. உங்களோடது ஒண்ணு வேணும். அடுத்த வாரம் பக்கத்த மூடிடுவேன்."

இதென்ன பிரமாதம் என்றுதான் கமா வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். ஒரு வாக்கியம் எழுதினார். அதில் ஒரு தப்பு தெரிந்தது. திருத்தினார். திருத்தியதில் இன்னொன்று தெரிந்தது. வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு எழுதினார். அது தப்பில்லை, ஆனால் அதில் ஒன்றுமே இல்லை. பேசாமல் 'எனக்கு டீ பிடிக்கும்' என்று எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தார். மத்தியானம் ஆயிற்று. வெள்ளைத் திரை வெள்ளையாகவே இருந்தது. இத்தனை நாள் அந்தச் சிவப்பு எழுத்துக்கு மற்றவர்கள் எப்படிப் பயந்திருப்பார்கள் என்று தோன்றியதா என்கிறீர்களா? இல்லை. இனத்தின் குணம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

பக்கத்து அறையில் மனைவி போனில் சிரித்துக்கொண்டிருந்தார். வெளியூரில் படிக்கும் மகளோடுதான் பேச்சு. மகளும் சிரிப்பது இங்கே வரை கேட்டது. கமா எழுந்து போய்க் கதவருகே நின்றார்.

"அப்பா வந்துட்டாரும்மா" என்றார் மனைவி. போன் உடனே வைக்கப்பட்டது.

"ஏன், என்கிட்ட பேசமாட்டாளா?"

"ஏதோ வேலையாம்."

"எனக்கு ஒரு மெசேஜ்கூட அனுப்பறதில்ல."

"கடைசியா அனுப்பினாளே, ஞாபகம் இருக்கா? 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்'னு. நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"ஹேவிங்னு வராது. ஐ ஹேவ் எ ஃபீவர்னு..."

"மருந்து சாப்பிட்டியான்னு கேட்டீங்களா?"

"அடுத்ததா கேக்கலாம்னு இருந்தேன்."

"கேட்டீங்களா?"

கமா திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தார். வலித்தது. சும்மா இல்லை, நன்றாகவே வலித்தது. அகராதியைத் தள்ளிவைத்துவிட்டு, வந்தபடியே எழுதினார்.

"டோன்ட் மிஸ்டேக் மீ. என் மகளுக்கு ஜுரம் வந்தது. அதை எனக்கு எழுதினாள். நான் வாக்கியத்தைத் திருத்தினேன். ஜுரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இப்போது அவள் அம்மாவோடு மட்டும் பேசுகிறாள். நான் பக்கத்து அறையில் இருக்கிறேன். அவளுக்கு நான் என்ன எழுதலாம்? யாராவது சொல்லுங்கள்."

படித்துப் பார்க்காமலே அனுப்பினார். வாழ்க்கையில் முதல் தடவை.

முதல் பதில் டாக்ஸி டிரைவரிடமிருந்து வந்தது: "பர்ஃபெக்ட் சார். ஒரு தப்பும் இல்லை."

அடுத்தது பேக்கரிக்காரர்: "இரண்டு தடவை பார்த்தேன் சார். நோ மிஸ்டேக்."

மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. கிண்டலா? சத்தியமாக இல்லை. பாவம், அவர்கள் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, சாருக்கு எது சந்தோஷம் தரும் என்று யோசித்து, மனதாரக் கொடுத்த பரிசு அது. அவரோடு வேறு எதைப் பேசலாம் என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பிறகு, 'நர்ஸ் எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று திரையின் அடியில் வந்தது. கமா நிமிர்ந்து உட்கார்ந்தார். நின்றது. மறுபடியும் வந்தது. நீளமாக ஏதோ எழுதுகிறார். மறுபடி நின்றது. அழிக்கிறாரோ? ஆஸ்பத்திரிக்காரர், ஜுரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாததா, ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று கமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் வந்து சேர்ந்தது: "கரெக்ட் சார்."

ஐந்து பேர் ஆயிற்று. ஆனால் அடுத்த வகுப்பில் டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அஞ்சு பேர் பதில் போட்டாங்க சார். உங்களோட யாரும் பேசலையே. நான் எப்படிப் பாஸ் போடறது?"

பிற்பாடு கண்ணாடி அறைக்கு, அவரோடு வேலை பார்க்கும் இன்னொருவர் போனார். அந்த ஆள் எழுதும் ஒவ்வொரு ஈமெயிலும் 'ப்ளீஸ் ரிவர்ட் பேக்' என்று தப்பாகவே முடியும். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அவருக்குப் பதில் வந்துவிடுகிறது.

இது எதுவும் அன்று கமாவுக்குத் தெரியாது. அவர் டீச்சரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மேடம், உண்மையச் சொல்லுங்க. நான் எழுதினதுல தப்பு ஏதாவது இருந்துதா?"

அவர் எழுதியதன் தொடக்கத்திலிருந்த அந்த மூன்று சொற்களும் டீச்சரின் நாக்கு நுனி வரை வந்தன. எதிரே நின்ற முகத்தைப் பார்த்தார்.

"இல்ல சார்" என்றார்.

நல்லவேளை, நாம் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று நீங்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. அப்படியே இருக்கட்டும். ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன்: மேலே ஓர் இடத்தில் ஓர் ஒற்றெழுத்து வர வேண்டும், வரவில்லை. அச்சுப் பிழை அல்ல, நானே விட்டதுதான். எந்த வரி என்கிறீர்களா? போய்ப் பாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்.

வந்துவிட்டீர்களா? அப்படி எதையும் நான் விடவில்லை. நீங்கள் கண்டுபிடித்துக்கொண்டு வந்தது ஏதாவது இருந்தால், அது என் அறியாமை, வணக்கத்தோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அத்தனை வரியிலும் ஏறி இறங்கி வந்தீர்களே, ஜுரத்தில் கிடந்த அந்தப் பெண்ணுக்கு என்ன எழுதலாம் என்று அவள் அப்பா ஒரு கேள்வி கேட்டிருந்தார், அதைப் பார்த்தீர்களா?