தோய்த்துக் காயப்போட்ட படம்

உலகத்தில் படம் எடுத்தவர்கள் உண்டு, ஓட்டியவர்கள் உண்டு, ஓட்டிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. படத்தைத் தோய்த்துக் கொடியில் காயப்போட்டவர் எங்கள் ஜப்பான் அண்ணை ஒருவர்தான்.

இலங்கையில் சண்டை முடிந்து சில வருடங்களில், இத்தாலியில் பலெர்மோவின் பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் நானும் அவரும் ஒரே அறையில் இருந்தோம். சீசா என்ற பகுதியில் தொண்ணூறு வயது இத்தாலிய மூதாட்டி ஒருவரின் வீட்டில் அண்ணைக்குத் துப்புரவு வேலை. சிஞ்ஞோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அண்ணை துடைத்த கண்ணாடியில் ஈ மோதிச் சாகும். அந்த வேலையை நம்பித்தான் அவருடைய பெர்மெசோ, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி.

சிஞ்ஞோராவின் அப்பா ஒருகாலத்தில் தியேட்டர் நடத்தியவர். அவர் விட்டுப்போன தகரப்பெட்டியில் ஓர் ஊமைப்படச் சுருள். நாயகனும் நாயகியும் ஜப்பான்காரர். வேறெங்கும் பிரதி இல்லையாம். பழுதுபார்த்துச் சிஞ்ஞோராவுக்குப் போட்டுக் காட்டுவதாகச் சொல்லி, ஒரு திரைப்படக் காப்பகத்திலிருந்து ஆள் வர ஏற்பாடு.

அண்ணை பெட்டியைத் திறந்தார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. வீடு தேடி வருகிறவர் கையில் நாறுகிற சாமானைக் கொடுப்பதா? சுடுதண்ணீர், சவர்க்காரம், ஒரு போத்தல் வெளுப்புத் தண்ணீர்.

வருகிறவருடன் இத்தாலியன் கதைக்க என்னையும் கூட்டிப்போனார். பால்கனிக் கொடியில் படம் பளபளத்தது. காப்பகத்துக்காரர் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தார். அதற்குள்ளால் எதிர்வீட்டு ஜன்னல் தெளிவாகத் தெரிந்தது.

"ஐயோ அண்ணை, படம் எங்கை?"

"ஊத்தைதானேடா போனது!"

சிஞ்ஞோரா கதிரையில் சரிந்து அழத் தொடங்கினார். அண்ணைக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் செத்துவிட்டது.

"பெர்மெசோவும் போச்சு" என்றவர், சட்டென்று நிமிர்ந்தார். "பொறு. தோய்க்க முதல் முழுக்க பல்ப்பிலை பிடிச்சுப் பாத்தனான். செய்து காட்டுறன்."

"நான் இத்தாலியனிலை சொல்லவோ?"

"ஊமைப்படத்துக்கு என்னடா பாஷை?"

இடுப்பில் மேசைவிரிப்பு, கையில் கூட்டுகிற தும்புத்தடி: நாயகன். துவாய் தலைக்கு ஏறியதும் நாயகி. கடைசியில் நாயகன் கப்பலேறுகிறான். நாயகி கையசைக்கவில்லை, அழவில்லை, சும்மா நிற்கிறாள். அண்ணை அப்படி நின்றபோது எனக்குச் சிரிப்பு அடங்கிப்போனது.

"ஸீ, ஸீ! ஆமாம், அப்பாவின் படம் இதுதான்!" என்று சிஞ்ஞோரா கைதட்டினார். காப்பகத்துக்காரர் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.

வேலை தப்பியது. ஆனால் ஞாயிறுதோறும் தேவாலயப் பூசை முடிந்ததும் அண்ணை முழுப்படத்தையும் ஓட்ட வேண்டும். சிஞ்ஞோரா கண்மூடும் வரை ஓட்டினார்.

பிறகு அண்ணை லண்டனுக்குப் புறப்பட்டார். விமான நிலையத்தில் நான் அந்த நாயகி மாதிரிக் கையசைக்காமல் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்து, "டேய், அவள் அழமாட்டாளடா!" என்று கத்தினார்.

எனக்கு நடிப்பு வராது.