திருட்டில்லா வாரத்தில் ஒரு பாஸ்போர்ட்

உலக நாகரிகத்துக்கு எங்கள் நேப்பிள்ஸ் நகரம் வழங்கிய கொடைகளில் பீட்ஸாவுக்கு இரண்டாம் இடம்தான். முதலிடம் எங்கள் 'பயணியர் நிம்மதிக் காரியாலய'த்துக்கு. தலைமுறை தலைமுறையாக எந்தப் போலீஸாலும் ஒழிக்க முடியாத ஜேப்படித் திருட்டை, ஒரே கூட்டத்தில், காபி ஆறுவதற்குள் ஒழித்த காரியாலயம் இது. அதில் உதவிச் செயலாளராக இருக்கும் பாக்கியம் அடியேனுக்குக் கிடைத்திருக்கிறது. இந்த மகத்தான சேவை வெளியே தெரியாமல் போய்விடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஜேப்படிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பர்ஸில் இருக்கும் பணம் அவர்களுக்கு. பாஸ்போர்ட்டும் அடையாள அட்டையும் பக்கத்திலிருக்கும் சிவப்புத் தபால் பெட்டிக்கு. பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், பாஸ்போர்ட் போனால் மனிதன் எப்படி ஊர் போய்ச் சேருவான் என்பது அவர்கள் கட்சி. தபால்காரர் பெட்டியைத் திறந்து, அத்தனையையும் எங்கள் மேஜையில் கொண்டுவந்து கொட்டுவார். வெளிநாட்டுக்காரர் அழுதுகொண்டே வருவார், சிரித்துக்கொண்டே போவார். யாரும் குறை சொன்னதில்லை.

இந்த அவலத்தை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் புதிய இயக்குநர் டாக்டர் பெல்லிசாரியோ. மீன் வளர்ப்பில் பட்டம் பெற்றவர். பட்டம் எதுவானாலும் எங்கள் ஊரில் டாக்டர்தான்.

"இந்தப் பாஸ்போர்ட்டெல்லாம் எங்கேருந்து வருது?" என்று கூட்டத்தில் கேட்டார்.

"தபால் பெட்டியிலேருந்து, டாக்டர்," என்றேன்.

"அப்போ திருட்டுக்கு மூலகாரணம் எது?"

எங்கள் அறியாமையை மன்னித்து அவரே சொன்னார்: "தபால் பெட்டி."

மறுநாளே ஊரிலுள்ள எல்லாத் தபால் பெட்டிகளின் வாயிலும் தகரம் அடிக்கப்பட்டது. 'திருட்டில்லா வாரம்' தொடங்கியது. என்ன ஆச்சரியம், ஒரு பாஸ்போர்ட்கூட வரவில்லை. திருட்டு அடியோடு ஒழிந்தது. டாக்டர் கண் கலங்கினார். வாரக் கடைசியில் அவருக்குப் பதக்கம் என்று நகரசபையிலிருந்து தகவலும் வந்துவிட்டது.

அந்த நல்ல வேளையில்தான் ரத்மிலா என்ற செர்பியக்காரம்மாள் கிழிந்த கைப்பையோடு உள்ளே வந்தார். எங்கள் நாட்டின் வடகோடியில், ட்ரியஸ்ட் நகரத்தில் பல வருஷம் தையல் வேலை பார்த்தவர். எங்கள் பாஷையை எங்களைவிடத் தெளிவாகப் பேசினார்.

"பஸ்ல பையைக் கிழிச்சு எல்லாத்தையும் எடுத்துட்டாங்க," என்றார்.

"அம்மா, இந்த வாரம் திருட்டு கிடையாது," என்றார் டாக்டர்.

"பை கிழிஞ்சிருக்கே, பாருங்க."

"பழைய பையா இருக்கும்."

"நேத்துதான் வாங்கினேன்."

"அப்போ கடைக்காரன் மேல புகார் குடுக்கணும். அது மாடில."

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பணத்தை அவனே வச்சுக்கட்டும். எனக்குப் பாஸ்போர்ட் வேணும். சாயங்காலக் கப்பல்ல துனிஸ் போகணும். நாளைக்கு அங்க என் பையனுக்குக் கல்யாணம். அவனுக்கு அப்பாவும் இல்ல. என்னை விட்டா யாரு போய் நிப்பா?"

ஒரு காபி கொடுத்தேன். எங்கள் காரியாலயத்தின் அதிகபட்ச அதிகாரம் அதுதான்.

அவர் குடித்து முடிப்பதற்குள் மிம்மோ வந்தான். அப்பா காலத்திலிருந்து துறைமுக பஸ்ஸில் தொழில் செய்யும் குடும்பம். சட்டை எப்போதும் இஸ்திரி கலையாமல் இருக்கும். அன்று மட்டும் வேர்த்து விறுவிறுத்துப்போயிருந்தான்.

"என்ன அண்ணே அநியாயம் இது? ஊர்ல ஒரு பெட்டி பாக்கியில்லாம வாயை அடைச்சு வச்சிருக்கீங்க. காலையிலேருந்து இதைத் தூக்கிக்கிட்டு அலையறேன். மனுஷன் எங்கதான் போடறது?" என்று ஒரு பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்தான்.

"அது என்னோடது," என்று எழுந்தார் ரத்மிலா.

மிம்மோ தொப்பியைக் கழற்றினான். "வணக்கம்மா. நேர்ல இன்னும் நல்லா இருக்கீங்க."

"நீதான் எடுத்தியா?"

"தொழில் பேச்சு எதுக்கும்மா இப்ப? இந்தாங்க, பிடிங்க."

அந்த அம்மாள் கை நீட்டுவதற்குள் டாக்டரின் கை நீண்டது. "நில்லுங்க. இது கண்டெடுக்கப்பட்ட பொருள். முறைப்படிதான் ஒப்படைக்கணும்." பாஸ்போர்ட்டைக் கோட்டின் உள் பையில், தன் பர்ஸுக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பாக' வைத்துக்கொண்டார். "அம்மா, இது உங்களோடதுன்னு நிரூபிக்க ஏதாவது அடையாளம் காட்டுங்க."

"அதுதான் என் அடையாளம்."

"அது அரசாங்கப் பொறுப்புல இருக்கு. வேற?"

"உள்ள படம் இருக்கு. என் மூஞ்சியையும் பாருங்க."

டாக்டர் வெளியே எடுத்து இரண்டையும் நிதானமாக ஒப்பிட்டார். "படத்துல இருக்கறவங்க அமைதியா இருக்காங்க. நீங்க கோவமா இருக்கீங்க," என்று திரும்ப உள்ளே வைத்தார்.

"நான் சாட்சி, டாக்டர்," என்றான் மிம்மோ. "இவங்க பையிலேருந்துதான் எடுத்தேன். சத்தியமா."

"எடுத்தேன்னா அது திருட்டு. இந்த வாரம் திருட்டு கிடையாது. அடுத்த வாரம் வந்து சொல்லு, உடனே பிடிச்சு உள்ள போடறேன்."

"அடுத்த வாரம் நான் யார் கல்யாணத்துக்குப் போறது?" என்றார் ரத்மிலா. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது. அதுவரை கோபத்தில் இருந்த மனுஷி, கிழிந்த பையை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிம்மோவின் முகம் கறுத்தது. "எங்கப்பா நாப்பது வருஷம் அந்த பஸ்ல தொழில் பண்ணாரு, அண்ணே. ஒருத்தர் வீட்டு நல்ல காரியத்தையும் கெடுத்ததில்ல," என்று என்னிடம் மெல்லச் சொன்னான். பிறகு என்ன தோன்றியதோ, நேரே டாக்டரிடம் போனான். "டாக்டர், சட்டத்தை இப்படிக் கட்டிக் காக்கற மனுஷனை நான் பாத்ததே இல்ல," என்று கட்டிப்பிடித்து, எங்கள் ஊர் வழக்கப்படி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். அப்புறம், "வாங்கம்மா, வாசல் வரைக்கும் வரேன்," என்று அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனான்.

"பாத்தியாய்யா, திருடனும் திருந்தறான்," என்றார் டாக்டர், நெஞ்சைத் தடவிக்கொண்டே. தடவிய கை அங்கேயே நின்றது.

நான் ஜன்னல் வழியே பார்த்தேன். மிம்மோவின் ஸ்கூட்டர் துறைமுகத்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. பின்னால் ரத்மிலா, ஒரு கையால் அவன் தோளையும் மறு கையால் பாஸ்போர்ட்டையும் பிடித்தபடி.

"யோவ், பாஸ்போர்ட்டைக் காணோம். என் பர்ஸையும் காணோம். அடையாள அட்டை அதுலதான் இருக்கு. அது இல்லாம பதக்க விழாவுக்குள்ள விட மாட்டாங்க. திருட்டுப் போச்சுன்னு எழுது."

"இந்த வாரம் திருட்டு கிடையாதே, டாக்டர்," என்றேன் பணிவாக.

"சரி. தொலைஞ்சுபோச்சுன்னு எழுது."

"எழுதறேன், டாக்டர். உங்க அடையாள அட்டையைக் காட்டுங்க."

அன்று மாலையே அவசர உத்தரவு பிறந்தது. டாக்டர் வீட்டு வாசலில் இருந்த தபால் பெட்டிக்கு மட்டும், 'அழகுபடுத்தும் பணி' கருதி, தகரம் பிடுங்கப்பட்டது. மறுநாள் காலையில் அடையாள அட்டை அதற்குள் கிடந்தது. மிம்மோ குலவழக்கத்தை விடாதவன். அட்டை வந்ததும் பெட்டிக்கு மறுபடி தகரம் அடிக்கப்பட்டது.

விழா சிறப்பாக நடந்தது. மிம்மோவைப் பிடிக்க உத்தரவும் அதே மேடையில் வாசிக்கப்பட்டது. 'திருட்டில்லா வாரம்' முடிந்துவிட்டதால் இனிச் சட்டப்படி அவனைத் திருடன் என்று சொல்லலாம். அந்த அம்மாளின் பாஸ்போர்ட்டை அன்றைக்கு எடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அதைத் திருப்பிக் கொடுக்க இடம் தேடிக் காலையிலிருந்து ஊரெல்லாம் அலைந்தான். மற்றவரின் கோட்டில் பதக்கத்தைக் குத்திவிட்டது நான்தான்.