மாப்ள, இன்னும் கொஞ்சம் பின்னாடி!

கேமரா வாங்குகிறவன் எவனும் கேமராவோடு நிறுத்திக்கொள்வதில்லை. கூடவே கருத்துகளையும் வாங்கிவிடுகிறான். நான் வாங்கியது கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த, ஆரம்ப நிலை மாடல். கருத்துகள் மட்டும் உயர்ரகம்.

அம்பத்தூரில் எங்கள் வீட்டில் நான் படம் எடுக்காத பாத்திரம் கிடையாது. சமையலறை ஜன்னல் ஓரம் குக்கரை வைத்து, வெளிச்சம் எப்படி விழுகிறது என்று மணிக்கணக்கில் பார்ப்பேன். "சோறு வைக்கலாமா, இல்ல இன்னும் மேக்கப் பாக்கியா?" என்று என் மனைவி கவிதா கேட்பாள். (படத்தில் குக்கர் அழகாகத்தான் விழுந்திருந்தது. அதற்காகச் சோறு தாமதமானதை யாரும் மன்னிக்கவில்லை.)

இந்த நிலையில்தான் ஆவடியில் என் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது.

மாமனாருக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. யாராவது "ரெடி" என்றால் போதும், கண்ணை மூடிவிடுவார். தொழிற்சாலை அடையாள அட்டையில் மூடிய கண். ரேஷன் கார்டில் மூடிய கண். எங்கள் கல்யாண ஆல்பம் முழுக்க, பெண்ணைக் கொடுத்த துக்கத்தில் தியானம் செய்பவர் போலவே இருப்பார். அதெல்லாம் பரவாயில்லை. அவருடைய சொந்தக் கல்யாணத்தில், தாலி கட்டுகிற அந்த ஒரே ஒரு படத்திலும் கண் மூடியிருந்தது.

"முப்பத்தி மூணு வருசமா கேக்குறேன் மாப்ள" என்றார் என் அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்), அந்த ஆல்பத்தை என் மடியில் வைத்து. "தாலி கட்டசொல்ல இந்த ஆளு என்னப் பாத்தாரா, தூங்குனாரா? இதப் பாத்தா தூங்குற மாதிரிதான் கீது."

"பாக்காம கட்டுனா முடிச்சு எப்டிடி வுழும்?" என்றார் மாமனார்.

"நீ போட்டது ஒரு முடிச்சு. மீதி ரெண்டும் உங்க அக்கா போட்டது."

மாமனார் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். "இந்தத் தபா நல்ல போட்டோகிராபரா புடிக்கணும்" என்றார் அத்தை. அங்கேதான் என் வாயில் சனி உட்கார்ந்தது.

"எதுக்கு அத்தை வெளியாளு? நான் இருக்கேன்ல?"

கவிதா என்னைப் பார்த்த பார்வையில் குக்கர்கள் தெரிந்தன. அவள் தம்பி தினேஷ்தான் முதலில் பேசினான். பாடியில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறவன், எதையும் அளந்து பேசுவான். "மாமா, நல்லா யோசிச்சுக்கோங்க. இதுல சொதப்புனா அடுத்து எண்பதாங் கல்யாணம்தான். இன்னும் இருவது வருசத்துக்கு எங்கம்மா வாய நாங்க கேக்க முடியாது."

நான் யோசிக்கவில்லை. திட்டம் போட்டேன். கேமராவின் விலை குறைவு என்பதால் மூளையைச் செலவழிக்கலாம் என்பது என் கொள்கை. ஃப்ளாஷ் கூடாது, அதுதான் மாமனாரின் பரம எதிரி. மண்டபத்தின் கிழக்கு ஜன்னலில் காலை வெளிச்சம் தாராளமாக வரும். அதை எதிர்ப்பக்கம் திருப்பிவிட வெள்ளையாக ஒரு தெர்மாகோல் அட்டை போதும். கேமராவோடு வந்த சாதா லென்ஸில் பின்னணி மங்கலாக வேண்டுமென்றால், முழுக்க ஜூம் செய்துவிட்டு, பின்னால் தள்ளி நிற்க வேண்டும். கண் சிமிட்டுகிறவரை ஒரே கிளிக்கில் நம்பக் கூடாது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் படபடவென்று தொடர்ந்து படம் விழுகிற வசதி என் ஏழைக் கேமராவிலும் இருந்தது.

முத்தாபுதுப்பேட்டை மண்டபத்தில் அன்று காலை, மாமனார் எடுத்துக்கொடுத்த சந்தன நிறப் பட்டுச் சட்டையில் நான் நின்றேன். மேடையோரம் தினேஷ், வாஷிங் மெஷினோடு வந்த தெர்மாகோலை நெஞ்சோடு பிடித்து நின்றான்.

"இன்னா மாமா, கட்சிக்காரன் மாதிரி போர்டு புட்சிகினு நிக்கவுட்டீங்க?"

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடி மச்சான். அத்தை முகத்துல வெளிச்சம் விழணும்."

அவன் சாய்த்தான். சாய்ந்ததும் ஒரு பெரியவர் காபி குடித்த டம்ளரை அதன் மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஐயர் கையைத் தூக்கினார். நான் ஜன்னல் பக்கமாகவே, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற பக்கக் கதவருகில் இருந்தேன். ஜூம் முழுக்கப் போட்டால் அத்தையின் முகமும் பாதி மாமனாரும்தான் தெரிந்தார்கள். ஒரு அடி பின்னால் போனேன். முக்கால் மாமனார். இன்னொரு அடி. முழு மாமனார், ஆனால் தாலி இல்லை. கெட்டிமேளம் முழங்கியது. இன்னும் ஒரே ஒரு அடி. அற்புதம்! இருவரும், தாலியும், பின்னால் பஞ்சு போல மங்கிய பூ அலங்காரமும். பொத்தானை அழுத்தினேன். அந்த நொடியில் செல்போன்காரர் யாரோ "ரெடி!" என்று கத்த, மாமனார் கண்ணை மூடினார்.

அந்தக் கதவுக்கு அப்பால் இரண்டு படிகள் உண்டு என்பது எனக்குக் காலையிலேயே தெரியும். படிகளுக்குக் கீழே முதல் பந்தியின் எச்சில் இலைத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள் என்பது மட்டும் தெரியாது.

கடைசி அடியில் குதிகால் படி விளிம்பில் சறுக்க, விழுந்தேன். விரல் மட்டும் பொத்தானை விடவில்லை.

பொங்கல், சாம்பார், கேசரி எல்லாம் கலந்த ஒரு மெத்தையில் நான் கிடந்தேன். தொட்டி சரிந்து மீதி இலைகளும் என் மேல் வந்தன. கெட்டிமேளம் நிற்காமல் ஒலித்ததால் என் அலறல் யாருக்கும் கேட்கவில்லை. அன்று எனக்குக் கிடைத்த ஒரே கருணை அதுதான். பந்தி பார்த்துக்கொண்டிருந்த சமையல்காரர் ஓடிவந்தார். "அண்ணாத்தே, எலைய நாங்களே எடுத்துடுவோம். நீங்க ஏன்?"

அதற்குள் தாலி ஏறி, மேடையிலிருந்து மாலையோடு அத்தையே இறங்கி வந்துவிட்டார். பின்னால் மாமனார், தினேஷ், தினேஷின் தெர்மாகோல், அதன் மேல் டம்ளர்.

"இன்னா மாப்ள, படம் வுழுந்துச்சா?" (அடி பட்டதா என்று பிறகு கேட்டார். அதையும் பதிவு செய்வதுதான் நியாயம்.)

தரையில் உட்கார்ந்தபடியே, சட்டையில் சாம்பார் படாத ஒரே இடத்தைத் தேடி விரலைத் துடைத்து, கேமராவைப் பார்த்தேன். ஆறு படங்கள். முதல் படத்தில் மாமனார் கண் மூடியிருந்தார். இரண்டாவது படத்தில், கதவுப் பக்கம் பார்த்திருந்த அத்தை நான் சறுக்குவதைக் கண்டு சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

மூன்றாவது படத்தில் அத்தை முகம் முழுக்கச் சிரிப்பு. எதற்கு இந்தச் சிரிப்பு என்று மாமனார் கண்ணைத் திறந்திருந்தார். இரண்டு கைகளிலும் தாலி. அகலத் திறந்த கண்கள் அத்தையின் முகத்தையே பார்த்தன. ஜன்னல் வெளிச்சம் இருவர் மீதும் பால் ஊற்றியது போல இருந்தது.

அத்தை அதை வெகுநேரம் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"பாத்துகினுதான் கீறாரு."

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் மாமனார்.

"இது இந்தக் கல்யாணத்துக்கு. அந்தக் கல்யாணம் இன்னும் சந்தேகம்தான்."

இலைக் குவியலில் உட்கார்ந்தபடி ஒரு மனிதன் அவ்வளவு பெருமையாக இருந்ததை அந்த மண்டபம் அதற்கு முன் பார்த்திருக்காது. இன்றும் ஆவடி வீட்டுக் கூடத்தில் டிவியை விடப் பெரிதாக அந்தப் படம் தொங்குகிறது. குடும்பத்தில் யார் செல்போனை உயர்த்தினாலும் பத்துக் குரல்கள் சேர்ந்து கத்தும்: "மாப்ள, இன்னும் கொஞ்சம் பின்னாடி!" அதைக் கேட்டதும் மாமனார் சிரித்துக் கண்ணைத் திறந்துவிடுகிறார். அவர் வியாதிக்கு அதுதான் மருந்து.

நான்காவதும் ஐந்தாவதும் மண்டபத்தின் மின்விசிறி. ஆறாவது படத்தை நான் அழித்துவிட்டதாக நினைத்திருந்தேன். எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அதை ஃப்ரேம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான் தினேஷ். கேமராவை நோக்கிச் சரிந்து வரும் ஒரு வாழை இலை, அதன் மேல் பாதி கடித்த வடை, முந்திரியோடு மினுங்கும் கேசரி. ரவையை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம். கவிதா அதைச் சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேலே மாட்டிவிட்டாள்.

வருகிறவர்கள் எல்லோரும் அசந்துபோய், ரொம்ப விலையான கேமராவா என்று கேட்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொள்வாள்.

"கேமரா சாதாரணம்தாங்க. இவருதான் ரொம்பக் கிட்ட போய் எடுத்தாரு."