எச்சிலில் ஏறிய வயிற்றெரிச்சல்

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று தெரு நீளத்துக்கு வரிசை. எல்லார் வாயிலும் ஒரே பெயர்: ஜீன் சாமி! பழைய சாமிகள் கிரகம் பார்த்தார்கள். இவர் மரபணு பார்க்கிறார். காலத்துக்கேற்ற களவு.

பஞ்சில் எச்சில் தொட்டுக் கொடுத்தால் போதும். சாமி அதைப் பெட்டிக்குள் வைப்பார். சிவப்பு விளக்கு எரியும். உடனே தீர்ப்பு:

"உங்க தாத்தா யார் வயித்தெரிச்சலையோ கொட்டிக்கிட்டார். அதுதான் ஜீன்ல ஏறி, உங்க வயித்துல எரியுது!"

ஒரே சொல்லின் இரண்டு அர்த்தங்களுக்கு நடுவே கடை விரித்த ஆசாமி!

தையற்கார அக்காவும் அந்தக் கூட்டத்தில்தான். சாமி பேச்சைக் கேட்டு, இரைப்பை அழற்சிக்கான மாத்திரையை நிறுத்திப் பத்து நாள். அன்று காலை கறுப்பாக வாந்தி எடுத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு வாக்கா, உயிருக்கே ஆபத்து!" என்று கெஞ்சினாள் தங்கை. பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள்.

"சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்டி."

வாசலில் ஆளுக்கொரு பஞ்சு கொடுத்தார்கள். தங்கை அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் நின்ற பஸ் டிரைவரிடம், "அண்ணே, நல்லாப் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, வாசல் குழாயில் நனைத்தாள். உள்ளே போனதும், அக்காவை முந்திக்கொண்டு சாமியிடம் நீட்டினாள்.

சிவப்பு!

"ஐயையோ! உன் முப்பாட்டன் ஒரு குடும்பத்தையே அழ வெச்சிருக்கான்மா!"

"எச்சில்ல அவ்வளவும் தெரியுதா சாமி?"

"எச்சில் பொய் சொல்லாது."

"இது குழாய்த் தண்ணி. டிரைவர் அண்ணனைக் கேளுங்க. குழாயோட முப்பாட்டன் யாரு சாமி?" பெட்டியிலிருந்து பஞ்சை உருவி ஆட்டினாள்.

டிரைவர் தலையாட்டினார். "குழாய்க்கும் தோஷம் இருக்கும்ல?" என்றது ஒரு குரல். அந்த மூளையைப் பெட்டியில் வைத்தால் விளக்கே எரியாது.

சாமி பதறி எழுந்தார். மேசைக்கடியில் எதன்மீதோ கால் பட்டது. காலிப் பெட்டி பளீரென்று சிவந்தது! டிரைவர் குனிந்து, ஒயரோடு சுவிட்சை இழுத்தார்.

அக்காவுக்கு முகம் வெளிறியது. "அப்போ அம்மாவுக்கு இருந்த அதே வியாதி எனக்கும் எப்படி வந்துச்சு?"

"மரபணு நெஜம்தான்க்கா. அதுல ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கு. அதனால, இந்த வியாதியைக் கொடுக்கிற ஒரே கிருமி ஒருத்தர் வயித்துல சும்மா கிடக்கும். இன்னொருத்தர் வயித்தை வருஷக்கணக்காப் புண்ணாக்கும். சாபமும் இல்ல, மண்ணும் இல்ல. கிருமிக்கு மருந்து இருக்கு. கிளம்பு!"

அக்கா தங்கையின் தோளைப் பற்றிக்கொண்டாள். "வண்டியக் கூப்பிடுடி. ஆஸ்பத்திரிக்கு."

மகாஜனங்களே! பரம்பரையாக மூக்கு வரும், முடி வரும், வயிற்றுக் கோளாறுகூட வரும். யோசிக்கிற வேலையை மட்டும் எந்தப் பாட்டனும் உங்களுக்காக முடித்துவைத்துவிட்டுப் போகவில்லை!