றோசின் மூன்றாவது பாவம்

“மொத்தம் மூண்டு பாவம், அப்பா. ரெண்டைச் சொல்லுவன். மூண்டாவதை உங்களுக்குச் சொல்ல ஏலாது.”

சவரம் செய்துகொண்டிருந்த பேணாட்டின் கை கன்னத்தில் அப்படியே நின்றது.

“ஏன் ஏலாது?”

“அது உங்களைப் பற்றினது.”

றோசுக்கு ஏழு வயது. நாளை ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அதற்கு முன்னால் இன்று பின்னேரம் நாலு மணிக்கு, பங்குச் சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற முதல் பாவசங்கீர்த்தனம். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு கிழமையாகத் தங்கள் தங்கள் பாவங்களைத் தேடிக்கொண்டு திரிந்தார்கள். ஒன்றும் அகப்படாத பிள்ளைகள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதாகவும் கதை.

“முதலாவது என்ன?”

“சீனி களவெடுத்தனான்.”

“ரெண்டாவது?”

“பிலோமினாவைக் குரங்கு எண்டு சொன்னனான்.”

“மூண்டாவது?”

“அதுதான் ஏலாது எண்டு சொல்லிட்டனே.”

மூன்றாவது பாவம் எதுவென்று பேணாட்டுக்குத் தெரியாதா என்ன. அதற்குச் சிவப்புக் கொண்டையும் நீள வாலும் இருந்தன.

அது சுவாமியாரின் சேவல். சுவாமியாரின் தாய் குஞ்சாகக் கொடுத்தனுப்பியது. துறைமுகத்தில் இராவேலை முடித்து பேணாட் வீட்டுக்கு வந்து படுக்கிற நேரம் பார்த்து, வீட்டை ஒட்டிய கோயில் மதிலில் ஏறி நின்று மத்தியானம் வரைக்கும் கூவும். பேணாட் கெட்டவன் அல்ல, நித்திரை கெட்டவன். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அதைச் சாக்கில் போட்டுக் கட்டி, லோஞ்சுப் படகில் குடாவுக்கு அந்தப் பக்கம் கிண்ணியாவுக்குக் கொண்டுபோய், கூட்டாளி அலியாரிடம் கொடுத்துவிட்டு வந்தான். றோசும் கூடப் போயிருந்தாள். நடுக்கடலில் சாக்கு கூவியது.

“அப்பா, மூட்டை கூவுது.”

“அது தேங்காய் மூட்டை, பிள்ளை. லோஞ்சு இஞ்சின் சத்தம் உனக்கு அப்பிடிக் கேக்குது.”

றோஸ் தலையாட்டினாள். சொன்னதை நம்புகிற வயது என்று பேணாட் நிம்மதியாக இருந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. சேவலைப் பறிகொடுத்தவரிடமே போய்ச் சேவல் கதையை எப்படிச் சொல்வது? பாவசங்கீர்த்தனம் இல்லாமல் நன்மை வாங்கவும் முடியாது. நன்மைக்குப் போகாமலிருக்க ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சாட்டு. சாட்டுகளும் முடிந்துகொண்டு வந்தன.

“நாளைக்கு எல்லாப் பிள்ளையளும் தாய் தகப்பனுக்கு நடுவில நிண்டுதான் நன்மை வாங்குங்கள்,” என்று குசினியிலிருந்து அவன் மனைவி திரேசம்மா குரல் கொடுத்தாள். “நீங்களும் வாறீங்கள்தானே?”

“நாளைக்கு வேலைக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்கள்,” என்றான் பேணாட். றோஸ் அவனைப் பார்த்தாள். பிறகு தன் கால்விரலைப் பார்த்தாள்.

வேலை என்றதும்தான் பேணாட்டுக்கு உண்மையான பயம் பிடித்தது. இங்கிலீஷ்காரர் துறைமுகத்தை விட்டுப் போனதிலிருந்து அவனுக்கு நாட்சம்பளம்தான். இப்போது லோஞ்சு ஓட்டுகிற நிரந்தர வேலை ஒன்று காலியாக இருந்தது. துறைமுகக் கந்தோரில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரியவரின் மகனுக்கும் நாளைக்குத்தான் புதுநன்மை. பூசை முடியக் காலைச் சாப்பாட்டில் வைத்து அவரிடம் கதைப்பதாகச் சுவாமியார் வாக்குக் கொடுத்திருந்தார். “நேர்மையான மனுசன் எண்டு நானே சொல்லுறன்,” என்றிருந்தார்.

சுவாமியார் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே விடமாட்டார். அது சரி. ஆனால் றோசின் குரலுக்கு மறைவே கிடையாது. அவள் மெதுவாகக் கதைத்தாலே தெருமுனைக்குக் கேட்கும். வரிசையில் நிற்கப்போவது பெரியவரின் மகனும் மனைவியும்.

“பிள்ளை,” என்று பேணாட் முகத்தைத் துடைத்துக்கொண்டு குந்தினான். “மற்றவன்ட பாவத்தை நாங்கள் சொல்லக்கூடாது. உன்ட பாவத்தை மட்டும்தான் சொல்லவேணும்.”

“இது என்ட பாவம்தான். அதில நீங்களும் இருக்கிறீங்கள்.”

“அப்ப மெதுவாச் சொல்லு. காதுக்குள்ள. எங்க, ஒருக்காச் சொல்லிக் காட்டு.”

றோஸ் அவன் காதருகே வாயை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதலாவது பாவத்தைச் சொன்னாள்.

“எந்தப் போத்தல் சீனியடி களவெடுத்தனீ?” என்றாள் குசினியிலிருந்து திரேசம்மா.

பேணாட் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினான். ஒரு துண்டு மஸ்கத் இனிப்போடு திரும்பி வந்தான்.

“இது ஏன் அப்பா?”

“சும்மாதான். அந்த மூண்டாவதை விட்டிடு, என்ன?”

றோஸ் மஸ்கத்தை மணந்து பார்த்துவிட்டு, மனமில்லாமல் திருப்பி நீட்டினாள். “இதை வாங்கினா இதையும் சொல்லவேணும். பிறகு நாலாகிடும்.”

மஸ்கத்தை பேணாட்டே தின்றான்.

இனி ஒரே வழிதான் இருந்தது. சேவலைக் கொண்டுவந்து மதிலில் விட்டுவிட்டால், களவு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. பத்து மணி லோஞ்சில் தொற்றி ஏறினான்.

அலியார் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வந்த கதையைக் கேட்டதும் ஊசியைக் கீழே வைத்தார்.

“எந்தச் சேவல் மச்சான்?”

“நான் தந்தது. சிவப்பு.”

“அதைத்தானே பெருநாளைக்கு அறுத்தது.”

பேணாட் அப்படியே மணலில் இருந்துவிட்டான்.

“நீயும் வந்தனீதானே,” என்றார் அலியார். “ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் திண்டனீ. கால்துண்டு வேணுமெண்டு என்ட மனிசி நபீஸாட்ட நீதான் சொன்னனீ.”

ஓம், சொன்னவன்தான். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கர் இறைச்சி தொடக்கூடாத நாள். கறி வாசத்தில் அவனுக்குக் கிழமை மறந்துபோயிருந்தது. காலையில் ஒரு பாவத்தோடு லோஞ்சேறியவன் இப்போது மூன்றோடு இருந்தான். பேணாட்டுக்கு அழுகை வந்தது.

“இதுக்கு ஏன் அழுறாய்?” என்றார் அலியார். “உங்கட ஆக்கள் சுவாமியாரட்டச் சொன்னா முடிஞ்சுதானே. நீ முந்திப் போய்ச் சொல்லிட்டியெண்டா, பிள்ளை சொல்ல என்ன கிடக்கு?”

அந்த யோசனை அதுவரைக்கும் பேணாட்டுக்குப் படவே இல்லை. திரும்பி வரும் லோஞ்சு பாதிவழியில் இஞ்சின் நின்று தள்ளாடியது. இஞ்சின்காரனைத் தள்ளிவிட்டுத் தானே இறங்கி எண்ணெய்க் குழாயை ஊதிச் சரிசெய்தான். கரைக்கு வந்தபோது கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. மணிக்கூண்டடியில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த தம்பிராசா, “பிள்ளையள் தொடங்கப் போகுதுகள்,” என்றான். பேணாட் ஓடினான்.

வெள்ளை முக்காடு போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பின்னால் மகனோடு பெரியவரின் மனைவி. முதல் ஆளாக றோஸ். அவளைத் தாண்டிப் பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் பாய்ந்து பேணாட் முழங்காலில் விழுந்தான்.

“சுவாமி, நான்தான். உங்கட சேவலை நான்தான் எடுத்தனான்.”

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சுவாமியாரின் நாற்காலி கிரீச்சிட்டது.

“அதைத் திண்டும் போட்டன். தெரியாமல். வெள்ளிக்கிழமையில.”

பேணாட்டின் சட்டை முதுகோடு ஒட்டியது. லோஞ்சு வேலை கண்ணுக்கு முன்னாலேயே கடலில் மூழ்கியது.

“கறி எப்பிடி?” என்று கேட்டார் சுவாமியார்.

“உறைப்புக் கொஞ்சம் கூட, சுவாமி.”

நீண்ட பெருமூச்சு ஒன்று வலையைத் தாண்டி வந்தது. “அந்தச் சேவல்தான் என்னை விடியப்புறத்தில எழுப்பிறது. இனி ஒரு மாசத்துக்கு நீ வந்து என்ட கதவைத் தட்டு. அதுதான் உனக்கு அபராதம். நாளைக்கு மகளோட நன்மைக்கு வா. இஞ்ச கேட்டது இஞ்சயே. வெளியில நான் கொடுத்த வாக்கு வெளியில அப்பிடியே கிடக்கு.”

பேணாட் எழும்பி வந்தபோது கால் நிலத்தில் படவில்லை. றோசின் காதருகே குனிந்தான்.

“நான் எல்லாத்தையும் சொல்லிட்டன். இனி நீ மூண்டாவதைச் சொல்லத் தேவையில்லை.”

“எல்லாத்தையுமோ?”

“ஓம், பிள்ளை.”

“அப்ப நாளைக்கு என்னோட நன்மை வாங்குவீங்களோ?”

“வாங்குவன்.”

றோசின் முகம் மலர்ந்தது. “ஆனாலும் மூண்டாவதை நான் சொல்லத்தான் வேணும்,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

பேணாட்டுக்கு மறுபடியும் உயிர் போனது. சீனி கோயில் முழுக்கக் கேட்டது. குரங்கும் கேட்டது, வரிசையில் நின்ற பிலோமினா விம்மினாள். பெரியவரின் மனைவி காதைக் கூர்மையாக்கினாள். மூன்றாவதுக்கு றோஸ் வாயெடுத்தபோது பேணாட் கண்ணை மூடிக்கொண்டான்.

ஒன்றும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல்தடவையாக றோஸ் மெதுவாகப் பேசினாள். பிறகு சுவாமியார் சிரித்தது மட்டும் கேட்டது. அவர் வயிறு குலுங்கச் சிரித்ததில் கூடே ஆடியது.

பேணாட், வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்ற புதுநன்மை வகுப்புச் சிஸ்டரிடம் போனான்.

“சிஸ்டர், என்ட மகள் மூண்டாவதாச் சொன்னது என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“உள்ளுக்க சொன்னது எனக்கெப்பிடித் தெரியும்?” என்றாள் சிஸ்டர். “ஆனா நேத்து வகுப்பு முடிய வந்து ஒரு கேள்வி கேட்டவள்: ‘சிஸ்டர், என்னட்ட ரெண்டு பாவம்தான் இருக்கு. அப்பாவை எப்பிடியாவது நன்மைக்கு வரப்பண்ண, மூண்டாவதும் ஒண்டு இருக்கெண்டு சொல்லி வெருட்டினா, அதுதான் மூண்டாவதோ?’ எண்டு.”