கிழக்கே வைத்த அடுப்பு

என் தங்கையின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் இருபத்தெட்டுப் பேரையும் அழவைத்தவன் நான். சீர்த் தகராறு இல்லை, சாப்பாட்டுத் தகராறும் இல்லை. (பஜ்ஜி அருமையாக இருந்ததாகச் சாப்பிட்டவர்கள் பிறகு சொன்னார்கள்.) நான் புவியியல் படித்திருந்தேன், அதுதான் காரணம்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பி.எட். முடித்து, ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த வயதில், அந்த வேலையில், எதிரே வருகிறவர்கள் எல்லோரும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களாகத்தான் தெரிவார்கள். வீட்டில் ஃபேனைப் போட்டால் காற்றழுத்தம் பற்றிச் சொல்வேன். குக்கர் விசில் அடித்தால் நீராவி பற்றிச் சொல்வேன். அப்பா முப்பது வருஷம் மைன்ஸில் ஷிப்ட் பார்த்தவர், எந்தச் சத்தத்திலும் தூங்கப் பழகியவர். அதனால் தப்பித்தார்.

தங்கை பூங்கொடிக்கு வந்த மூன்றாவது வரன் அது. முதல் இரண்டு வரன்களிலும் நாங்கள் சம்மதம் சொன்னோம், அவர்கள் தட்டிக்கழித்தார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் குறிஞ்சிப்பாடி சரவணன் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று, அவளாகவே அம்மாவிடம் போய், "இவரு ஓகேம்மா" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று மாடிக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு மகிழ்ச்சியில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பயமும் கூடவே வந்தது. நிச்சயம் ஆனி மாதக் கடைசியில். அதை விட்டால் ஆடி, ஒரு மாதம் எதுவும் பேச முடியாது. மாப்பிள்ளையின் அத்தை சகுனம் பார்ப்பதில் பேர்போனவர். ஏற்கெனவே ஒரு பெண் வீட்டில் காப்பி டம்ளர் கவிழ்ந்ததற்காகக் குடும்பத்தோடு எழுந்து வந்தவராம். "அந்தம்மா முன்னாடி யாரும் தும்மக்கூடக் கூடாது" என்று அம்மா எங்களை எச்சரித்து வைத்திருந்தாள்.

குவார்ட்டர்ஸை ஒட்டிய காலி இடத்தில் பந்தல் போட்டோம். சமையலுக்கு முத்தாண்டிக்குப்பத்திலிருந்து அமுதா அக்கா வந்தார். காலையில் வந்தவுடன் பாத்திரங்களைப் பந்தலுக்கு மேற்கே இறக்கினார்.

"இங்க அடுப்பு வைக்கக்கூடாதுக்கா" என்றேன்.

"ஏன் தம்பி? கொழா இங்கதானங்க இருக்குது?"

நான் சீர்த்தட்டுக்கு வைத்திருந்த தேங்காய் ஒன்றை எடுத்தேன். அதன் கண்ணில் ஒரு ஊதுபத்தியைச் செருகினேன். தேங்காயைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பூமி இப்படிச் சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது என்றேன். இந்த மாதங்களில் சூரியன் வட பாதிக்கு மேல் நிற்கிறது, வடக்கே தரை சூடேறி அங்குள்ள காற்று மேலே எழும்புகிறது, அந்த இடத்தை நிரப்பத் தென்கடலிலிருந்து காற்று புறப்படுகிறது, பூமி சுழல்வதால் அது வளைந்து தென்மேற்கிலிருந்து வீசுகிறது, மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் வெறும் மேற்குக் காற்றாக வந்து சேருகிறது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"சரிங்க. அடுப்ப எங்க வைக்கட்டும்?"

"கிழக்கே. புகை பந்தலுக்கு எதிர்ப்பக்கமாப் போயிடும்."

"அப்ப தண்ணிய எவன் தூக்கிக்கினு வர்றது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவரே குடத்தை எடுத்தார்.

அப்போது மாடியிலிருந்து பூங்கொடி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, நாலு மணிக்கு மேல காத்து அந்தப் பக்கத்துலருந்து வரும். தல காய வைக்கறப்ப தெனம் பாக்கறேன்."

"அது லோக்கல் காத்து" என்றேன். (புகை மட்டும் ஃபாரின் புகையா? இதை யோசிக்க எனக்குப் பல வருஷம் பிடித்தது.)

காலை முழுவதும் புகை நான் சொன்னபடியே கிழக்கே போனது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

நாலரைக்கு வேன் வந்தது. அத்தை முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிச்சயப் பத்திரிகையைப் பிரித்தார். அமுதா அக்கா பஜ்ஜிக்கு எண்ணெய் காயவைத்தார். முந்திரி விறகு தீர்ந்துவிட்டதால் முந்திரிக்கொட்டை ஓட்டை அள்ளி அடுப்பில் போட்டிருக்கிறார். அதன் புகையின் காரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் சிலுசிலுவென்று ஒரு காற்று வந்தது. "ஆகா, என்ன காத்து!" என்று யாரோ சொன்னார்கள். பந்தல் துணி கிழக்கிலிருந்து மேற்காக உப்பியது.

பத்திரிகை படித்தவர், "நிகழும்" என்று ஆரம்பித்து இருமினார். மறுபடியும் "நிகழும்" என்றார், மறுபடியும் இருமினார். அதற்குள் பந்தல் முழுக்கப் புகை. வேட்டி நுனி, முந்தானை, தாம்பூலத் தட்டுத் துணி என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள்.

அத்தை எழுந்தார். "மொத நாளே கண்ணக் கசக்க வெச்சிட்டாங்க. இது சரிப்படாது. கெளம்புங்க."

புகைக்குத் தப்பிக்க எழுந்தவர்கள் பாதி, அத்தைக்குப் பயந்து எழுந்தவர்கள் பாதி. எல்லோரும் ரோட்டில் நின்ற வேனைப் பார்த்து நடந்தார்கள். அப்பா கைகூப்பியபடி பின்னாலேயே போனார். அவர் யார் முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அவமானமாக இருந்தது. பூங்கொடிக்குப் பிடித்த ஒன்றை என் வாயால் கெடுத்துவிட்டேன்.

அந்த நிலையில் ஒரு நல்ல அண்ணன் காலில் விழுந்திருப்பான். நான் ஊதுபத்தி செருகிய தேங்காயை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அம்மா, இது சகுனம் இல்லங்க. தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாத்தான் சூடாகும். அதனால சாயங்காலம்..."

அத்தை மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார். "இந்தப் புள்ளைக்கு என்னடா ஆச்சு?"

"வெயில்ல நின்னுக்கினு இருந்துச்சு, பாவம்."

அப்போதுதான் பந்தலிலிருந்து பூங்கொடி வெளியே வந்தாள். பட்டுப்புடவையோடு, மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். எழுந்தவர்களில் யாருக்கும் மாப்பிள்ளையைக் கூட்டிவர வேண்டும் என்று தோன்றவில்லை. அவர் வழி தெரியாமல் நாற்காலிகளில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவள் நேராக அத்தையிடம் போனாள். "இந்தப் பக்கம் காத்து நல்லா இருக்குங்க. தட்ட இங்கயே மாத்திக்கலாமா?"

அத்தை வேன் படியில் ஒரு காலை வைத்திருந்தார். மருமகனின் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். படியிலிருந்து காலை எடுத்தார்.

மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார். "கையையே புடிச்சிக்கினு வந்துடுச்சு. இனிமே என்னாத்த சகுனம் பாக்கறது? எடுங்க தட்ட."

ரோட்டோரத்தில், வேனின் நிழலில் தட்டு மாற்றினோம். பஜ்ஜியும் அங்கேயே வந்தது.

பிறகு இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். நான் சொன்ன பாடத்தில் ஒரு வரியும் தப்பில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பெரிய கடலும் பெரிய நிலமும் செய்வதைத்தான், கடலூர்க் கடலும் எங்கள் தெருவும் தினமும் சாயங்காலம் சின்னதாகச் செய்துகொண்டிருந்தன. அதை அவள் மாடியில் நின்று பார்த்திருந்தாள், சொல்லவும் சொன்னாள். மாப்பிள்ளை விஷயத்தில் அவளைக் கேட்காத நாங்கள் காற்று விஷயத்திலா கேட்டுவிடப் போகிறோம்? இப்போது வகுப்பில் பருவக்காற்றுப் பாடம் வந்தால், முதல் நாள் எதுவும் நடத்துவதில்லை. உங்கள் வீட்டில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்பதோடு சரி.

ஆனால் குடும்பம் திருந்தியவனை நம்புவதில்லை. எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும், அடுப்பு எங்கே வைப்பது என்று என்னைக் கேட்பார்கள். கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் வைப்பார்கள்.

போன மாசியில் பூங்கொடியின் மகளுக்குக் குறிஞ்சிப்பாடியில் காதுகுத்து. நான் முதல் நாளே போய், ஈரத்துண்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மாடியில் மணிக்கணக்கில் நின்றேன். பக்கத்து வீடுகளில் விசாரித்தேன். பந்தலுக்கு மேற்கே வையுங்கள் என்று தங்கையிடம் சொன்னேன்.

அவள் சமையல்காரரைக் கூப்பிட்டாள். "எங்க அண்ணன் மேக்கன்னு சொல்லுது. கெழக்கால வையுங்க."

தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்த நேரத்தில் கிழக்கிலிருந்து புகை வந்தது. காது குத்திய குழந்தையோடு சேர்ந்து மொத்தப் பந்தலும் அழுதது. நான் குழந்தையை விட்டு எழுந்திருக்கவும் முடியாமல் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தேன்.

பூங்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"ஏண்ணே, இந்தத் தடவ சரியாவா சொன்ன?"