பட்டு நூல் பெல்ட்டும் பாட்டின் அசல் வேகமும்

எந்தப் பாட்டாக இருந்தாலும் நாம் முதலில் கேட்டதுதான் அசல். பிறகு பாடியவரே நேரில் வந்து பாடினாலும் அது நகல்தான். இந்தக் கருத்தால் என் அக்காவின் கல்யாண வரவேற்பு பாழானது. கருத்தை நான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

அப்போது பாலிடெக்னிக்கில் ரேடியோ படிப்பு முடித்திருந்தேன். வீட்டு முன்னறையில் ரிப்பேர் கடை வைக்க ஆசை. "கல்யாணம் முடியட்டும், பார்க்கலாம்" என்றிருந்தார் அப்பா. (அப்பா பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டார்.)

என் திறமைக்கு இருந்த ஒரே சான்று எங்கள் ரிக்கார்டு பிளேயர். தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் அறுந்தபோது, அப்பாவின் தறிப் பக்கம் கிடந்த பட்டு நூலை முறுக்கி நானே பெல்ட் செய்து மாட்டினேன். அதில் முதலில் போட்டது புதிதாக வாங்கிய ஒரு காதல் பாட்டு. தெருவே அதை எங்கள் வீட்டில்தான் கற்றது. தறி அடிக்கிற கைக்குச் சரியான வேகம்.

பிறகு அதே பாட்டை ரேடியோவில் கேட்டேன். மெதுவாக வந்தது. வால்வு பழுது என்று தீர்மானித்து, நன்றாக இருந்த ரேடியோவைப் பிரித்துப் போட்டேன். சாமி ஊர்வலத்தில் நாயனக்காரர் வாசித்தார், அதுவும் மெது. அவருக்கு வயதாகிவிட்டது. பேண்டு செட்டும் மெது. அவர்கள் சோம்பேறிகள். மூன்று பேரும் ஒரே அளவில் தப்பு செய்வார்களா என்று படித்த ஒருத்திக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

வரவேற்புக்கு மாப்பிள்ளை வீட்டார் மெட்ராசிலிருந்து மெல்லிசைக் குழுவைக் கூட்டிவந்தார்கள். பாடகர் அந்தப் பாட்டை எடுத்தார். கூடவே பாடிய எங்கள் தெரு, அவருக்கு முன்னால் சரணத்துக்குப் போய்விட்டது. அவர் பாட்டை நிறுத்தினார்.

"இன்னாமா, அந்தாளு இன்னும் சாப்பிடலையா? இழுத்துக்கினே இருக்காரு" என்றார் எதிர்வீட்டு ராஜம்மாக்கா.

நான் மேடையேறினேன். "சார், மூணு தப்பு. ஒண்ணு, சுருதி இறங்கியிருக்குது. ரெண்டு, வேகம் போதாது. மூணு, அசல்ல குரல் இவ்ளோ தடிமனா இருக்காது."

"அந்த ரிக்கார்டு இருந்தா கொண்டாங்கம்மா" என்றார் பாடகர். பொறுமையான மனிதர்.

கொண்டுவந்தேன். மைக் செட்காரர் தன் பிளேயரில் போட்டார். பாடகர் பாடிய அதே வேகம். "உங்க மெஷின் சரியில்ல" என்று அவரையும் ஒரு பிடி பிடித்தேன். (வந்தது வந்தாயிற்று, ஒருவரோடு நிறுத்துவானேன்?) எங்கள் பிளேயரும் வந்து சேர்ந்தது. ஊசியை வைத்ததும் எங்கள் தெரு குஷியாகத் தாளம் போட்டது. மாப்பிள்ளை வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாடகர் தட்டைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே அரக்கு நிறத்தில், கயிறு கனத்தில் என் பெல்ட்.

"இம்மாம் தடியா? பெல்ட் தடிச்சா தட்டு வேகமாத்தானேம்மா சுத்தும்?"

பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

அப்பா கிட்டே வந்து பெல்ட்டையே பார்த்தார். "இது கூரைப்புடவைக்கு வச்சிருந்த நூலாச்சே" என்றார். கடை அத்தோடு போயிற்று என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ராஜம்மாக்கா புத்தம்புது பிளேயரோடு வந்து நின்றார். "நேத்துதான் வாங்கினோம்மா. பாட்டு அந்த மெட்ராஸ்காரர் மாதிரியே இழுக்குது. உங்க ஊட்டு மெஷின் மாதிரி பண்ணிக் குடு."

அப்பா முன்னறையில் கிடந்த நூல் மூட்டைகளைத் தூக்கி உள்ளே வைக்க ஆரம்பித்தார்.

இன்றும் வீட்டில் யாராவது அவசரப்பட்டுப் பேசினால், அக்கா வீட்டுக்காரர் "இன்னா, பட்டு பெல்ட் மாட்டிக்கினியா?" என்பார். சிரிக்கட்டும். என் கடையில் அந்தப் பாட்டு அந்த வேகத்தில்தான் ஓடுகிறது. யாராவது குறை சொன்னால், நீங்கள் கேட்டது நகல் என்று சொல்லிவிடுகிறேன்.